மலைத்தோட்ட ஜீப்பின் பின் ஆக்ஸிலில் எல்எஸ்டி: வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பூப்பாறை ஏலத்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பூப்பாறைக்கு அருகே, முதன்மைச் சாலையிலிருந்து பிரிந்து இறங்கும் தோட்டப் பாதையின் கடைசியில் எங்கள் ஏலத்தோட்டம் இருக்கிறது. காலையில் போடியிலிருந்து மெட்டு ஏறி வரும் ஆட்களைச் சாலையில் ஏற்றிக்கொண்டு தோட்டத்தில் இறக்குவதற்கும், பறித்த காயை உலர்த்தும் கூடத்திற்குக் கொண்டு போவதற்கும் எங்களிடம் இருப்பது ஒரு பழைய மஹிந்திரா ஜீப் மட்டுமே. நான்கு சக்கர ஓட்டம் உண்டு. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். பின் ஆக்ஸிலில் சாதாரண டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சினின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்பு.

தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகு இந்தப் பாதையில் ஒரே ஒரு வளைவுதான் எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருக்கிறது. ஓடைக்கு மேல் போட்டிருக்கும் சிறு பாலத்தைத் தாண்டியவுடன் பாதை வலப்பக்கம் திரும்பி ஏறுகிறது. அந்த இடத்தில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருப்பதால் இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் ஒரே நேரத்தில் கனம் இழந்துவிடுகின்றன. நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டாலும், அந்த இரண்டு சக்கரங்களும் செம்மண் சேற்றைக் குழைத்துக்கொண்டு வெறுமனே சுழல, மற்ற இரண்டும் அசையாமல் நிற்கின்றன. கடந்த ஆடி மாதம் வண்டியைத் தள்ள இறங்கிய ஓர் அக்காவின் கால் சறுக்கி, முழங்கை பிசகிவிட்டது. அன்றிலிருந்து அந்த வளைவில் யாரையும் இறக்கித் தள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய உதிரிபாகம் விற்கும் ஒரு கடையில், இறக்குமதியான வண்டியிலிருந்து கழற்றியது என்று சொல்லி, கிளட்ச் தட்டுகள் உள்ள லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (எல்எஸ்டி) ஒன்றைக் காட்டினார்கள். அதைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் வீலும் (பெரியது) பினியனும் (சிறியது) சேர்த்தே தருகிறார்களாம். அதை வாங்கி வந்து வீட்டுக் கொட்டகையில் நானே மாற்ற முடியுமா? ஆக்ஸில் ஷாஃப்டைக் கழற்றி ஆயில் சீல் மாற்றியிருக்கிறேன். கிளட்ச் இறக்கி ஏற்றியிருக்கிறேன். டிஃபரன்ஷியலை இதுவரை திறந்ததில்லை. தவறான முயற்சி என்று தோன்றினால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

குமுளிப் பட்டறை எழுதியது:

தம்பி, உங்கள் வளைவை நீங்கள் விளக்கியிருக்கும் விதத்திலேயே நோய் என்ன என்பது தெரிகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் முறுக்குவிசையைச் சமமாகவே பிரித்துக் கொடுக்கும். ஆகவே சேற்றில் நிற்கும் சக்கரத்தால் எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவுதான் பாறை மேல் உறுதியாக நிற்கும் சக்கரத்திற்கும் போகும். எஞ்சினில் பலம் இல்லாமல் வண்டி நிற்கவில்லை. பலத்தை வாங்கிக்கொள்ள ஒரு பக்கம் ஆள் இல்லாததால் நிற்கிறது. எல்எஸ்டி அந்தச் சமத்தை ஓரளவு உடைத்து, பிடிமானம் இருக்கும் பக்கத்திற்குக் கூடுதலாகக் கொடுக்கும்.

வீட்டில் செய்யலாமா என்றால், இந்த வேலையின் பெரும்பகுதியை ஒழுங்கான கருவியும் பொறுமையும் உள்ள எவரும் வீட்டில் செய்யலாம். கிரவுன் வீலையும் பினியனையும் மறுபடி சேர்த்து அமைக்கும் அந்தச் சிறு பகுதியைத்தான் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் அளவுகருவி) இல்லாமல் யாரும் செய்யக்கூடாது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள மெக்கானிக்காக இருந்தாலும் சரி. கையால் ஆட்டிப் பார்த்து, காதால் கேட்டு அமைத்த ஆக்ஸில்கள் எங்கள் பட்டறைக்கு ஊளையிட்டுக்கொண்டே வந்து சேர்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், உக்கடத்துச் சரக்கை வாங்குவதற்கு முன்னால், மூன்று எண்ணிக்கைகளை எடுத்து வையுங்கள்.

முதலாவது, பற்களின் எண்ணிக்கை. உங்கள் பின் ஆக்ஸிலின் கிரவுன் வீலில் 43 பல்லும் பினியனில் 8 பல்லும் இருந்தால் விகிதம் 5.375. கடைக்காரர் தரும் ஜோடியில் 39-க்கு 8 என்று இருந்தால் அது 4.875. இரண்டுக்கும் ஏறத்தாழ 10 சதவீத வித்தியாசம். பின் ஆக்ஸிலில் மட்டும் இப்படி ஒரு ஜோடியைப் போட்டுவிட்டு நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டால், முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்தச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். சேற்றில் டயர் வழுக்கி அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் விடுவிக்கும். தார்ச்சாலையிலும் காய்ந்த பாறையிலும் அதற்கு வழியில்லை. எனவே அவர் தரும் ஜோடி உங்கள் விகிதமாக இல்லாவிட்டால், அதை ஒதுக்கிவிட்டு உங்கள் பழைய கிரவுன் வீலையே புதிய கூட்டில் (கிரவுன் வீலைத் தாங்கும் டிஃபரன்ஷியல் உறையில்) ஏற்ற வேண்டும். அவருடைய கிரவுன் வீலையும் உங்கள் பினியனையும் மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அவை தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்க்கப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும்.

இரண்டாவது, ஆக்ஸில் ஷாஃப்டின் உள்முனையில், டிஃபரன்ஷியலுக்குள் செருகிப் பிடிக்கும் ஸ்பிளைன் வரிகள். அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் வழிவந்த ஜீப் ஆக்ஸில்களில் 10 வரி உள்ளதும் உண்டு, 19 வரி உள்ளதும் உண்டு. அதே குடும்பத்தின் பிற்கால ஆக்ஸில்களில் 30 வரி. வெளியே பார்த்தால் ஹவுசிங் அண்ணன் தம்பி போல ஒன்றாகத்தான் இருக்கும். ஷாஃப்டை வெளியே இழுத்து, ஒரு வரியில் சாக்பீஸால் குறி வைத்து எண்ணுங்கள்.

மூன்றாவது, கூட்டின் உயரம். இந்தக் குடும்பத்து ஆக்ஸில்களில், 3.73-உம் அதற்குக் குறைந்த விகிதமும் ஒரு கூடு, 3.92-உம் அதற்கு மேலும் வேறொரு கூடு. கிரவுன் வீலைத் தாங்கும் தட்டின் இடம் இரண்டிலும் மாறும். தவறான கூட்டை வாங்கினால் கிரவுன் வீல் பினியனை எட்டவே எட்டாது.

இந்த மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சூரியநெல்லி ஓட்டுநர் எழுதியது:

நான் பல ஆண்டுகளாகச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும், ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளப் பக்கம் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பாதையில் கல்லும் சேறும் எப்படி இருக்கும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். குமுளி அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஓட்டுகிறவன் பக்கத்திலிருந்து ஒரு விஷயத்தைச் சேர்க்க விரும்புகிறேன்.

எல்எஸ்டி போட்ட வண்டி, ஏற்றத்தில் உதவும் அதே குணத்தால், சாய்ந்த பாதையில் உங்களைக் கீழே தள்ளவும் செய்யும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஒரு பின் சக்கரம் சுழலும்போது, மற்றது சுழலாமல் நின்று பின்பகுதியைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து சுழன்றால் அந்தப் பிடி போய்விடும். பின்பகுதி பள்ளத்தின் பக்கம் வழுக்கிச் செல்லும். உங்கள் வளைவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஓடைப் பக்கம் சாய்ந்திருந்தால், முதல் வேலையாக அந்தப் பாதையின் வெளி விளிம்பைக் கல் அடுக்கி உயர்த்துங்கள். எட்டுப் பேரை ஏற்றிச் செல்லும் வண்டி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, எல்எஸ்டி எல்லாம் ஒரே வகை அல்ல. கிளட்ச் தட்டு வகை, ஸ்பிரிங் அழுத்தத்தால் எப்போதும் ஓரளவு பிடித்தபடியே இருப்பதால், ஒரு சக்கரம் முழுவதுமாகத் தரையை விட்டு எழுந்தாலும் மற்றதற்குக் கொஞ்சமாவது விசை போகும். ஆனால் தட்டுகள் தேயும். சாய்பல் கியர்களால் ஆன வகை, டார்சன் என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், தேய்மானம் மிகக் குறைவு, வளைவில் மென்மையாகவும் இருக்கும். ஆனால் அது எதிர்ப்பக்கம் கிடைக்கும் பிடிமானத்தைப் பெருக்கித் தருவதால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பெருக்குவதற்கு ஒன்றும் இருக்காது. அப்போது காலால் பிரேக்கை லேசாக அழுத்தி, தொங்கும் சக்கரத்திற்கு ஒரு சுமையைக் காட்ட வேண்டும். ஈட்டன் நிறுவனத்தின் இயந்திர லாக் மூன்றாவது வகை. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்திற்கு 100 சுற்று அளவுக்கு வித்தியாசம் வந்ததும் அது தானே முழுமையாகப் பூட்டிக்கொள்ளும். வேகம் ஏறத்தாழ 30 கிலோமீட்டரைத் தாண்டினால் பூட்டாது. மஹிந்திராவே தார் வண்டிகளில் அதைக் கொடுத்தது. உங்கள் வளைவில் சக்கரம் கனம் இழக்கிறதா, முழுவதும் எழுகிறதா என்பதைப் பார்த்துத்தான் வகையை முடிவு செய்ய வேண்டும்.

பிரேக்கை லேசாக அழுத்தும் இந்தப் பழக்கம் உங்கள் இப்போதைய டிஃபரன்ஷியலிலும் ஓரளவு பலிக்கும். மழை வருவதற்குள் ஒரு முறை பழகிப் பாருங்கள்.

பூப்பாறை ஏலத்தோட்டம் எழுதியது:

இருவருக்கும் மிகுந்த நன்றி. நேற்று வண்டியை அந்த வளைவில் மெதுவாக ஏற்றி நிறுத்திவிட்டு, வலது பின் டயருக்கு அடியில் ஒரு செய்தித்தாளைச் செருகிப் பார்த்தேன். தாள் சிக்கிக்கொண்டது, ஆனால் பலமாக இழுத்தால் கிழியாமல் வந்துவிட்டது. ஆக, சக்கரம் எழவில்லை, கனம் இழக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். பாதை மலைப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது; ஓடைப் பக்கம் அல்ல.

பின் மூடியைத் திறந்து எண்ணினேன்: கிரவுன் வீலில் 43, பினியனில் 8. இடது ஷாஃப்டை இழுத்து எண்ணியதில் 19 வரிகள். கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டபோது, அவரிடம் இருப்பது 30 வரி என்று தெரிந்தது. முன்பணம் கொடுக்காததால் நட்டமில்லை. கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் மைத்துனர் மூலம், பழைய ஜீப் ஒன்றைப் பிரித்தவரிடமிருந்து 19 வரியில், உயர் விகிதத்துக்கான கூட்டில், கிளட்ச் தட்டு வகை ஒன்று கிடைத்திருக்கிறது. தட்டுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூடியைத் திறந்தபோது எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. அதற்கும் விளக்கம் வேண்டும்.

பாலக்காட்டு எல்லை எழுதியது:

தேநீர் நிறம் என்றால் ஹவுசிங்குக்குள் தண்ணீர் போயிருக்கிறது. ஆக்ஸிலின் மேல்புறத்தில் ஒரு சிறு மூச்சுக்குழல் இருக்கும். மலைப்பாதை வண்டிகளில் அது சேற்றால் அடைத்துப்போகும். ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த ஓடை நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழல் வழியே காற்றை எடுக்க முடியாததால், சீல்களின் உதட்டைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் குழலைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர்க் குழாயை மாட்டிச் சட்டத்திற்கு மேலே உயர்த்திக் கட்டிவிடுங்கள். தண்ணீர் புகுந்த ஆக்ஸிலில் பேரிங்குகளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டும். உருளைகளில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

தட்டுகளைச் சோதிக்க, கூட்டைப் பிரித்து, நீலம் பாய்ந்திருக்கிறதா, உராய்வு மேற்பரப்பின் கோடுகள் இன்னும் தெரிகின்றனவா என்று பாருங்கள். எந்தத் தட்டு எந்த வரிசையில் இருந்தது என்பதை ஒரு கம்பியில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். மாறிவிட்டால் மீண்டும் பழைய பிடி வராது. வண்டியில் பொருத்திய பிறகு சோதிக்கும் முறை வேறு: கியரை நடுவில் வைத்து, ஒரு பின் சக்கரத்தைத் தரையில் விட்டு மற்றதைத் தூக்கி, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் தூக்கிய சக்கரத்தைத் திருப்ப எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளக்க வேண்டும். கையால் எளிதாகச் சுழன்றால் அந்த எல்எஸ்டியில் வேலை செய்யத் தட்டு மிச்சமில்லை.

எண்ணெயைப் பொறுத்தவரை, கிரவுன் வீலும் பினியனும் ஹைப்பாய்டு வகைப் பற்கள் என்பதால் ஜிஎல்-5 தரம், 80டபிள்யூ-90 தடிப்பு. கிளட்ச் தட்டு வகைக்கு எல்எஸ்டி என்று குறிப்பிட்ட எண்ணெயோ, தனியாக விற்கும் உராய்வு சீராக்கும் சேர்மானமோ வேண்டும். இல்லையென்றால் திருப்பங்களில் பின்பகுதி விட்டுவிட்டுத் துள்ளும். முதல் எண்ணெயை ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டிஃபரன்ஷியலின் உள்ளே இருப்பது பதிவுச் சான்றிதழில் வரும் விவரம் அல்ல. ஆனாலும் ஆட்களை ஏற்றும் வண்டி என்பதால், வேலையைத் தொடங்கும் முன் வாகன ஆய்வாளரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன்.

குமுளிப் பட்டறை எழுதியது:

எண்ணிக்கை பொருந்திவிட்டது, நல்லது. இனி வேலைக்கு வருவோம். பாதுகாப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய ஜீப்பில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பல பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் பின் சக்கரங்களைப் பிடிப்பதில்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் ஒரு டிரம் வழியாகப் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய நொடியிலேயே, டிஃபரன்ஷியல் வழியாக மற்றச் சக்கரம் உருள விடுதலை பெற்றுவிடும். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கைப்பிரேக் என்பதே இல்லை. ஆகவே முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சட்டத்துக்கு அடியில் இரும்புத் தாங்கி வையுங்கள். ஹாலோ பிளாக் கல் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். எல்எஸ்டி பொருத்திய பிறகு, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி எஞ்சினைக் கியரில் ஓட்டிப் பார்க்கவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும்.

எதையும் கழற்றும் முன், இப்போது இருக்கும் பேக்லாஷை (இரண்டு பல்சக்கரங்களின் பற்களுக்கு இடையே உள்ள தளர்வை) அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டயல் கேஜின் காந்தப் பாதத்தை ஹவுசிங்கில் வைத்து, ஊசியைக் கிரவுன் வீலின் ஒரு பல்லுக்குச் செங்குத்தாக நிறுத்தி, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுன் வீலை முன்னும் பின்னும் அசைத்தால், ஊசி காட்டும் தூரம்தான் அது. நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். பற்களில் மார்க்கிங் பசையைத் தடவிச் சுற்றி, பற்கள் ஒன்றையொன்று தொட்ட பதிவையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். நல்ல நிலையில் ஓடிய ஒரு ஜோடி தன் பழைய பதிவுக்கே திரும்ப வேண்டும். இந்த வேலை முழுவதிலும் உங்களுக்கு வழிகாட்டி அந்தப் படம்தான்.

அடுத்து, பேரிங் மூடிகள். இரண்டு மூடிகளிலும் ஹவுசிங்கிலும் ஒத்த எழுத்து பொறித்திருக்கும். தெரியாவிட்டால் நீங்களே புள்ளி அடித்து வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாறினாலோ தலைகீழானாலோ அது பேரிங்கை வட்டமாகப் பிடிக்காது. கூட்டை வெளியே எடுக்க ஹவுசிங்கை விரிக்கும் கருவி இருந்தால் நல்லது, ஆனால் அரை மில்லிமீட்டருக்கு மேல் விரிக்காதீர்கள். கருவி இல்லையென்றால் இரண்டு கடப்பாரைகளை மரத்துண்டின் மேல் வைத்து இருபுறமும் சமமாக நெம்பலாம். பேரிங்குகளின் வெளிவளையங்களை இடம் வலம் மாறாமல் தனித்தனியே கட்டி வையுங்கள்.

இந்த ஆக்ஸிலில் பேரிங்குக்கும் கூட்டுக்கும் நடுவில்தான் ஷிம்கள் (மெல்லிய இடைத்தகடுகள்) இருக்கின்றன. புதிய கூட்டில் கிரவுன் வீலைத் தாங்கும் தட்டு பழையதன் இடத்தில் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள். பழைய ஷிம்கள் தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒவ்வொரு முறையும் பேரிங்கைப் புல்லரால் இழுத்து ஷிம் மாற்றினால் நல்ல பேரிங்கும் வீணாகும். நான் செய்வது இது: பழைய பேரிங் இரண்டின் உள்துளையை லேத்தில் கொடுத்து மிக லேசாகப் பெருக்கிக் கையால் ஏறி இறங்கும்படி வைத்திருக்கிறேன். அவற்றைக் கொண்டு ஷிம் கணக்கை முடித்த பிறகே புதிய பேரிங்கை அழுத்தி ஏற்றுவேன்.

பினியனைத் தொடாதீர்கள். அதைத் தொடாதவரை அதன் ஆழம் மாறாது. உங்களுக்கு மிஞ்சுவது கிரவுன் வீலை இடமோ வலமோ நகர்த்தும் கணக்கு மட்டுமே. ஒரு பக்கத்திலிருந்து எடுத்த ஷிம்மை மறுபக்கம் வைத்தால் பேரிங்கின் இறுக்கம் மாறாமல் பேக்லாஷ் மட்டும் மாறும். பெரும்பாலும் 0.13-க்கும் 0.20 மில்லிமீட்டருக்கும் நடுவில் வர வேண்டும். ஆனால் தேய்ந்து பழகிய ஜோடி என்பதால், நீங்கள் எழுதி வைத்த பழைய அளவையும் பதிவையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பதிவு பல்லின் நடுவில், நுனிக்கும் அடிக்கும் இடையில் விழ வேண்டும்.

கிரவுன் வீலை ஏற்றும்போது சுத்தியல் வேண்டாம். பெரிய பாத்திரத்தில் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் அதுவாக விரிந்து உட்காரும். புதிய போல்ட்டுகளை நூல்பூட்டுப் பசையோடு எதிரெதிராக இறுக்குங்கள். அளவு உங்கள் ஆக்ஸிலின் கையேட்டில் இருக்கும்.

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒன்று. உங்கள் ஜீப்பில் கூம்பு முனை ஷாஃப்டும், ஒவ்வொரு பக்கமும் ஒற்றை டேப்பர் பேரிங்கும் இருந்தால், இரண்டு ஷாஃப்டுகளின் உள்முனைகளும் டிஃபரன்ஷியலின் நடுவில் இருக்கும் ஒரு சிறு கட்டையில் முட்டி நிற்கின்றன. வளைவில் ஒரு சக்கரம் உள்நோக்கித் தள்ளும் விசையை அந்தக் கட்டைதான் எதிர்ப்பக்கப் பேரிங்குக்குக் கடத்துகிறது. நீங்கள் வாங்கும் எல்எஸ்டிக்குள் அந்தக் கட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் சக்கரம் உள்ளும் வெளியும் ஆடும். சில மாதங்களில் பேரிங்கும் சீலும் போய்விடும்.

பூப்பாறை ஏலத்தோட்டம் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், காய்ப்பறிப்பு நடுவில் வந்துவிட்டது.

அண்ணன் சொன்ன அந்த நடுக்கட்டை, வாங்கிய கூட்டில் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது குறுக்கு ஊசியின் நடுவில் வெறும் ஓட்டைதான் தெரிந்தது. இங்கே கேட்காமல் இருந்திருந்தால் அப்படியே பூட்டியிருப்பேன். என் பழைய கூட்டிலிருந்த கட்டையை மாதிரியாகக் கொடுத்து, போடியில் ஒரு லேத் பட்டறையில் புதிய குறுக்கு ஊசிக்கு ஏற்றபடி ஒன்றைக் கடைந்து வாங்கி, வெப்பப்பதம் கொடுக்க மதுரைக்கு அனுப்பினேன். அதற்கே பத்து நாள் ஆனது.

பழைய பேக்லாஷ் நான்கு இடங்களிலும் 0.22-க்கும் 0.25-க்கும் நடுவில் இருந்தது. பழைய ஷிம்களோடு புதிய கூட்டை உட்கார வைத்ததும் 0.41 காட்டியது. மூன்று முறை இறக்கி ஏற்றி, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்திற்கு ஷிம் மாற்றி, 0.22-இல் நிறுத்தினேன், பதிவும் பழைய படத்தோடு ஒத்துப்போனது. துளை பெருக்கிய பேரிங் யோசனை இல்லாமல் இது கொட்டகையில் நடந்திருக்காது. புதிய பேரிங்குகளை அழுத்தி ஏற்றும் வேலையை மட்டும் போடியில் பிரஸ் உள்ள இடத்தில் கொடுத்தேன். பாதையில் துருத்தியிருந்த பாறையின் மூக்கையும் இரண்டு ஆட்களை வைத்து உடைத்துவிட்டோம்.

கடந்த வாரம் நல்ல மழை. முதலில் ஆட்கள் இல்லாமல் ஏறினேன். அந்த இடத்தில் வலது சக்கரம் அரைச்சுற்று வழுக்கியது. உடனே இடது சக்கரம் பிடித்து வண்டியை மேலே தூக்கிவிட்டது. அடுத்த நாள் ஆட்களோடு ஏறினேன், யாரும் இறங்கவில்லை. சூரியநெல்லி அண்ணன் சொன்ன பக்கவாட்டு வழுக்கலையும் பார்த்தேன். வளைவுக்கு மேல் உள்ள சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தபோது பின்பகுதி ஒரு முழம் அளவுக்கு மலைப் பக்கம் நகர்ந்தது. இப்போது அங்கே இரண்டாம் கியரில், காலை அசைக்காமல் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். பூப்பாறைச் சந்திப்பில் காய்ந்த தார்ச்சாலையில் முழுதாகத் திருப்பும்போது பின்பக்கம் ‘கடகட’ என்று துள்ளுகிறது. சேர்மானம் ஊற்றித்தான் இருக்கிறேன்.

பாலக்காட்டு எல்லை எழுதியது:

தட்டுகள் இன்னும் எண்ணெயைக் குடிக்கவில்லை என்று நினைக்கிறேன். அகலமான ஒரு மைதானத்தில், ஆட்கள் இல்லாமல், மெதுவான வேகத்தில் எட்டு வடிவத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். சேர்மானம் எல்லாத் தட்டுகளுக்கு நடுவிலும் போய்ச் சேரும். பின் டயர்கள் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்று என்பதையும் பாருங்கள். சுற்றளவு மாறினால் நேர்ச்சாலையிலும் தட்டுகள் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். அதன் பிறகும் துள்ளினால், சேர்மானத்தை அதன் புட்டியில் குறிப்பிட்ட அளவுக்குள் சிறிது கூட்டுங்கள். அளவை மீறி ஊற்றினால் தட்டுகள் பிடிப்பதையே விட்டுவிடும்.

பூப்பாறை ஏலத்தோட்டம் எழுதியது:

எட்டு வடிவத்தில் சுற்றியதும் துள்ளல் பாதியாகக் குறைந்தது. மறுநாள் இல்லவே இல்லை. பின் டயர்களில் ஒன்று மற்றதைவிட நன்றாகத் தேய்ந்திருந்தது, அதை ஸ்டெப்னியாக மாற்றிவிட்டு ஒரே வயதுள்ள இரண்டைப் பின்னால் போட்டிருக்கிறேன். 640 கிலோமீட்டரில் எண்ணெயை இறக்கிப் பார்த்தேன். வடிப்பு மூடியின் காந்தத்தில் மைபோல மெல்லிய தூள் மட்டும் இருந்தது, விரலில் தேய்த்தால் உறுத்தவில்லை. எண்ணெயில் தண்ணீரும் இல்லை. முழங்கை பிசகிய அக்கா இன்று முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தார்.

துளை பெருக்கிய அந்தப் பழைய பேரிங்குகளும் டயல் கேஜும் என்னிடம் இருக்கின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லிப் பக்கம் இதே ஆக்ஸிலைத் திறக்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால், இங்கே எழுதுங்கள், கொண்டு வந்து தருகிறேன்.